ஷூ நம்பர் சொல்லாத அகலம்

நெய்வேலியை ஒட்டிய மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் சேஃப்டி ஷூ வாங்க வருபவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, “என்ன நம்பர்ண்ணே?” என்பதுதான். ஏழு, எட்டு, ஒன்பது என்று பதில் வரும். அந்த நம்பர் பாதத்தின் நீளத்தை மட்டுமே சொல்கிறது. விரல்களுக்குக் கீழே பாதம் எவ்வளவு அகலம் என்பதை யாரும் கேட்பதில்லை. பெட்டியின் மேலும் பெரும்பாலும் அது அச்சிடப்பட்டிருக்காது.

நெய்வேலியில் இது சின்ன விஷயமில்லை. 1957 மே 20 அன்று நேரு இங்கே சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். அன்று முதல் இங்கு நடப்பது திறந்தவெளிச் சுரங்கம். பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை வெட்டி அகற்றிக்கொண்டே போக வேண்டும். புதிதாகக் கொட்டிய மண்மேட்டில் ஏறுவது, கன்வேயர் ஓரமாக நெடுக நடப்பது, மண் வெட்டும் பக்கெட் வீல் இயந்திரத்தின் இரும்பு ஏணியில் ஏறி இறங்குவது என்று ஒரு ஷிப்டு முழுக்கக் காலுக்கு வேலை. மழைக்காலத்தில் களிமண் வேறு ஷூவைப் பிடித்து இழுக்கும். சுரங்கத்துக்குள் பாதுகாப்புக் காலணி இல்லாமல் யாரும் வேலை செய்யக் கூடாது என்பது சட்டம்.

அந்தக் காலணியின் முனையில் ஒரு உலோகக் கவசம் இருக்கிறது. இந்தியத் தர விதிப்படி அது 200 ஜூல் மோதலைத் தாங்க வேண்டும். சுமார் 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விரல்மேல் விழுவதற்குச் சமம் அது. விரலைக் காப்பாற்றும் இந்தக் கவசமே அகலத்தில் சிக்கலையும் கொண்டுவருகிறது. சாதாரணத் தோல் ஷூ இறுக்கமாக இருந்தால் பத்து நாளில் தோல் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். இரும்பு இளகாது. சுண்டுவிரலின் வெளிப்பக்கம் கவசத்தின் விளிம்பில் உரசிக்கொண்டே இருக்கும். முதலில் கொப்புளம், பிறகு காய்ப்பு, கடைசியில் கால் ஆணி.

செருப்பிலும் வெறுங்காலிலும் பழகிய பாதம் விரல்பக்கம் விரிந்திருப்பது இயல்பு. பெல்ஜிய ஆய்வாளர்கள் தென்னிந்தியர்களின் பாதங்களை அளந்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வாழ்நாள் முழுக்க வெறுங்காலோடு நடந்தவர்களின் முன்பாதம் அகலமாக இருப்பதையும், நடக்கும்போது அவர்களின் பாதத்தில் அழுத்தம் சீராகப் பரவுவதையும் அவர்கள் கண்டார்கள். அகலமான பாதம் குறையே அல்ல. நன்றாக வேலை செய்கிற பாதம் அது.

அகலம் போதாதவர் வழக்கமாகச் செய்வது ஒரு நம்பர் கூட்டி வாங்குவது. இங்கேதான் கணக்கு தவறுகிறது. நாம் பயன்படுத்தும் இங்கிலாந்து முறையில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் நீள வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர். முன்பாதச் சுற்றளவு கூடுவதோ சுமார் 6 மில்லிமீட்டர்தான். அது பாதத்தைச் சுற்றிலும் பங்காகிவிடுவதால், குறுக்கே கிடைக்கும் இடம் மிகக் கொஞ்சம். வேண்டிய அகலம் முழுதாகக் கிடைப்பதற்குள் ஷூ நீளமாகிவிடும். குதிகால் உள்ளே தூக்கிப் போடும். ஷூ மடங்கும் இடமும் பாதம் மடங்கும் இடமும் வேறு வேறாகிவிடும். ஏணிப் படியில் இறங்கும்போது நீண்ட முனை தட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தச் சிக்கலின் வேர் நம் அளவு முறையே இன்னொரு நாட்டிலிருந்து வந்ததுதான். சென்னை அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கரைவிட இந்தியர்களின் பாதம் பொதுவாக அகலம் என்பது அதில் தெரிந்தது. அதன் அடிப்படையில் ‘பா’ என்ற பெயரில், வயதையும் பாலினத்தையும் பொறுத்த எட்டுப் பிரிவுகள் கொண்ட இந்திய அளவு முறை ஒன்று முன்மொழியப்பட்டது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் நாட்டுக்கு, தன் மக்களின் காலை இப்படி அளந்து பார்க்க இவ்வளவு காலம் ஆகியிருக்கக் கூடாது.

பனிமலை விளையாட்டுக்காரர்கள் இதில் நம்மைவிடக் கவனமானவர்கள். ஸ்கீ பூட்டின் அளவு பாதத்தின் உண்மையான நீளத்திலேயே குறிக்கப்படும். முன்பாத அகலம் 98, 100, 102 மில்லிமீட்டர் என்று தனியாகச் சொல்லப்படும்.

பாதத்தின் அகலத்தை வீட்டிலேயே அளக்கலாம். ஷிப்டு முடிந்து கால் லேசாக வீங்கியிருக்கும் மாலைதான் சரியான நேரம். வேலைக்குப் போடும் கனமான சாக்ஸோடு, முழு எடையையும் ஊன்றிக் காகிதத்தின்மேல் நின்று, இன்னொருவரைப் பென்சிலால் சுற்றி வரையச் சொல்ல வேண்டும். பெருவிரல் மூட்டிலிருந்து சுண்டுவிரல் மூட்டு வரை குறுக்கே அளந்தால் அகலம். இரண்டு காலையும் அளந்து, பெரியதையே கணக்கில் எடுக்க வேண்டும். வரைந்த காகிதத்தை வெட்டிக் கடைக்குக் கொண்டுபோய் ஷூவின் உள்தட்டை வெளியே எடுத்து அதன்மேல் வைத்துப் பார்க்கலாம். காகிதம் பக்கவாட்டில் வெளியே வந்தால் அந்த ஷூ எந்த நம்பராக இருந்தாலும் வேண்டாம், அகலமான அச்சில் தைத்த வேறு மாடலைக் கேட்க வேண்டும்.