டித்வாவை எப்படிப் படிப்பது?

இலங்கை நிர்வாக சேவைப் பரீட்சைக்குத் தயாராகும் பட்டதாரிகள் பலருக்கு ‘நடைமுறை விவகாரம்’ என்றால் வினா விடைக் கையேடுதான். எந்த மாநாடு எங்கே நடந்தது, எந்த விருது யாருக்குக் கிடைத்தது என்பதோடு படிப்பு முடிந்துவிடுகிறது. ஆனால் இந்தப் பரீட்சை தேடுவது நாளைய உதவிப் பிரதேச செயலாளரை. ஆகவே செய்தியை ஒரு நிர்வாகியின் கதிரையில் இருந்து வாசிப்பதே சரியான தயாரிப்பு.

கண்டியில் இருப்பவருக்கு உதாரணம் தேடித் தூரம் போகவேண்டியதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியால் நாடெங்கும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆகக்கூடிய உயிரிழப்பு கண்டி மாவட்டத்தில். கையேட்டில் இது ஒரு பெயரும் ஒரு திகதியும்தான். விளங்கிப் படிப்பவரோ, மண்சரிவு எச்சரிக்கையை விடுப்பது யார் என்று தொடங்குவார். அது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். சிவப்பு எச்சரிக்கை வந்தால் மக்கள் வெளியேற வேண்டும்; அதை மலைச்சரிவிலுள்ள வீடுவரை கொண்டுசெல்வதில் பிரதேச செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் பெரும் பங்கு உண்டு. அனர்த்த முகாமைத்துவச் சட்டம் 2004 சுனாமிக்குப் பின் வந்த 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம். டித்வாவை அடுத்து வந்த அவசரகால நிலையோ 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பிரகடனப்படுத்தப்பட்டது. முதலாவது இருக்கும்போது இரண்டாவது ஏன் தேவைப்பட்டது என்பதே ஒரு முழுக் கட்டுரைக்குரிய வினா. அதைவிடச் சிக்கலானது மீள்குடியேற்றம். லயன் அறையில் வாழும் தோட்டக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றிடம் காணி உறுதி இல்லை. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் போனது, நிலம் அரசுடையது. வீடிழந்தவருக்கு மாற்றுக் காணி கொடுக்க யாருடைய கையொப்பம் வேண்டும்? இங்கே ஒரு புயல் செய்தி மலையகத்தின் காணி வரலாறாக விரிந்துவிடுகிறது.

பல்தேர்வு வினாவில் பெயரும் திகதியும்தானே கேட்கிறார்கள் என்பார்கள். உண்மைதான், ஆனால் காரணம் தெரிந்து படித்த திகதி மறக்காது, மிச்சத்தைக் கடைசி வாரங்களில் மனனம் செய்யலாம். தமிழில் போதிய பொருள் இல்லை என்பது இன்னும் நியாயமான முறைப்பாடு. தமிழ்மூல வழிகாட்டி நூல்கள் குறைவுதான். ஆனாலும் சட்டங்கள், வர்த்தமானி, வரவு செலவுத் திட்ட உரை, மத்திய வங்கியின் வருடாந்தப் பொருளாதார மீளாய்வு எல்லாம் தமிழிலும் வெளியாகின்றன. விடைத்தாளில் எழுதவேண்டிய நிர்வாகச் சொற்களும் அவற்றில்தான் உள்ளன. வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவருக்கு நேரம் ஏது என்ற கேள்விக்கு என் பதில், வாரத்துக்கு ஒரு செய்தி போதும் என்பதே. ஆனால் அதைப் பரீட்சை அறிவித்தல் வர்த்தமானியில் வந்தபின் தொடங்கினால் காலம் போதாது. இந்த வாரமே தொடங்குங்கள்.