பாவாடை ஏன் ஏறி நின்றது?

"சமச்சீர்னா என்னம்மா?" பாடப் புத்தகத்தோடு அடுக்களைக்கு வந்தாள், ஏழாவது படிக்கும் என் பெண். நறுக்கிக் கொண்டிருந்த வெண்டைக்காயில் ஒரு வில்லையை எடுத்துக் காட்டினேன். ஐந்து முனை. எந்த முனையிலிருந்து நடுவாக வெட்டினாலும் இரண்டு பாதியும் ஒரே அச்சு. நட்சத்திர மீனும் இப்படித்தான். இது ஆரச் சமச்சீராம்.

நமக்கோ ஒரே கோடுதான்: வகிடு, மூக்கு, தொப்புள். ஆடு, இறால், வண்ணத்துப்பூச்சி எல்லாம் நம் கட்சி, இருபக்கச் சமச்சீர். பாறையில் ஒட்டியிருக்கும் கடல் சாமந்திக்கு இரை எந்தத் திசையிலிருந்தும் வரலாம், அதற்கு வட்டம் வசதி. தலையை நீட்டி முன்னே போகிற பிராணிக்கு இடம், வலம் வேண்டுமே! வேடிக்கை பாருங்கள், நாக்கு மீன் குஞ்சுக்குப் பக்கத்துக்கொரு கண். வளர வளர ஒரு கண் மறுபக்கம் போய்விடும்.

"நம்ம உடம்பு ரெண்டு பக்கமும் ஒண்ணாம்மா?"

வெளியே மட்டும்தான். உள்ளே கல்லீரல் வலப்பக்கம். வலது நுரையீரலுக்கு 3 மடல், இடதுக்கு 2. வெளியிலும் சிறு வித்தியாசம் எல்லோருக்கும் உண்டு. எனக்கு இடது கால் செருப்புதான் எப்போதும் இறுக்கும்.

சொல்லும்போதே எனக்குச் சுருக்கென்றது. பொங்கலுக்கு அவளுக்குத் தைத்த பாவாடை ஒரு பக்கம் ஏறியே நின்றது. என் தையல்தான் கோணல் என்று இரண்டு தடவை பிரித்துத் தைத்திருந்தேன்!

மறுநாளே டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். முழங்காலை மடக்காமல், உள்ளங்கைகளைச் சேர்த்துக் குனியச் சொன்னார். வலது முதுகு மேடாக எழும்பியது. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருக்கிறது. எக்ஸ்ரேயில் 18 டிகிரி. 10 டிகிரியைத் தொட்டாலே 'ஸ்கோலியோசிஸ்' என்கிறார்கள்.

"புத்தக மூட்டையைத் தூக்கித்தான்" என்றார் என் மாமியார். அதனால் வருவதில்லையாம். பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காரணமே தெரிவதில்லை. மளமளவென உயரும் 10 முதல் 15 வயதில் வளைவு கூடும். ரொம்பக் கூடுவது பெண் குழந்தைகளுக்கே அதிகம். வலி அநேகமாக இருக்காது, அதனால் நமக்கும் தெரியாது. வளரும் வயதில் 25 டிகிரியைத் தாண்டினால் உடம்பைப் பிடித்து நிறுத்தும் பிரேஸ் போட வேண்டி வரலாம். இவளுக்கு இப்போதைக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தரம் எக்ஸ்ரே, அவ்வளவே.

தானாகக் குளிக்கத் தொடங்கியதும் பெண்ணின் முதுகை நாம் பார்ப்பதே இல்லை, கவனித்தீர்களா? ஒரு தோள் ஏறியிருக்கிறதா, ஒரு தோள்பட்டை எலும்பு துருத்துகிறதா, இடுப்பு வளைவு ஒரு பக்கம் மட்டும் ஆழமா என்று எண்ணெய் தேய்க்கும் சாக்கில் பார்த்துவிடலாம்.

பாவாடையை மூன்றாம் தரம் பிரித்து, ஒரு பக்கம் அரை அங்குலம் கூட விட்டுத் தைத்தேன். இப்போது நேராக நிற்கிறது.