வெயில் காலத்தில் லைவ் ராக் ஏன் நாறுகிறது?

யாரோ கலைத்த கடல்மீன் தொட்டியின் லைவ் ராக் மலிவாகக் கிடைக்கும். சித்திரை வெயிலில் ஈரச்சாக்கில் சுற்றி வந்தாலும் இரண்டொரு நாளில் அதைப் போட்டுவைத்த டிரம்மிலிருந்து அழுகிய முட்டை வாடை கிளம்பிவிடும்.

அது வெறும் கல் அல்ல, செத்த பவளத்தின் சுண்ணாம்புக் கூடு. நுண்துளைகளில் புழு, கடற்பஞ்சு, எண்ணற்ற பாக்டீரியா. வழியில் செத்தவை அழுகி அம்மோனியா உண்டாகும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் தேவை. ஆனால் 25 டிகிரியில் லிட்டருக்கு 6.7 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும் கடல்நீர், 32 டிகிரியில் சுமார் 6 தான் பிடிக்கும். சூட்டில் அழுகல் வேகமெடுத்து அதையும் தின்றுவிடும். ஆக்சிஜன் தீர்ந்த மூலைகளில் வேறு பாக்டீரியா தலையெடுக்கும். முட்டை வாடை அவற்றின் கைங்கரியம்.

அழுகிய பகுதியைப் பழைய டூத் பிரஷால் தேய்த்து, மூடாத டிரம்மில் உப்புநீர் நிரப்பிப் பாறையைப் போடுங்கள். பம்ப் வலுவாகச் சுழலட்டும். வெளிச்சம் பட்டால் பாசிக்குக் கொண்டாட்டம், ஆகவே இருட்டறை நல்லது. மேசை விசிறியின் காற்று நீரை ஆவியாக்கிச் சூட்டைத் தணிக்கும். கடலோரப் புழுக்கத்தில் பலன் கொஞ்சம் குறைவுதான். ஆவியாவது நீர் மட்டும், உப்பு தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுங்கள். வாடை அடித்தால் உப்புநீரைப் பாதியாவது மாற்றுங்கள். சோதனைக் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் தொடர்ந்து பூஜ்யம் காட்டிய பிறகே பாறை தொட்டிக்குப் போகலாம்.

அவசரத்தில் பாறையை வேகவைக்க மட்டும் வேண்டாம். அதில் ஒட்டியிருக்கும் சோவாந்திட் என்ற கடலுயிரிகள் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நச்சு உண்டு. அது ஆவியோடு மூச்சில் ஏறி வீட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.