கியர் லிவர் ஆடுதா? கியர்பாக்ஸைக் கழற்றும் முன் புஷ்ஷைப் பாருங்க!

முதல் கியர் போட்டால் மூணாவதில் விழும். ரிவர்ஸ் விழ ரெண்டு கையும் வேணும். எங்கள் வீட்டு பழைய ஆம்னிதான். 2019-லேயே தயாரிப்பு நின்றுவிட்டாலும், அப்பா விடியற்காலையில் காய்கறி ஏற்றிவருவது அதில்தான். "கியர்பாக்ஸை இறக்கணும்" என்று ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொன்னதும் அப்பா முகமே சுருங்கிவிட்டது.

இன்னொரு மெக்கானிக் வண்டியை ஸ்டார்ட் பண்ணாமலே, கிளட்சை மிதித்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார். இன்ஜின் ஆஃபில் சுலபமாக விழுந்து, ஓடும்போது மட்டும் அடம்பிடித்தால் கிளட்ச்சைச் சந்தேகப்படலாம். ரெண்டு நேரத்திலும் லிவர் தொளதொளவென்று ஆடினால்? லிவரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் ராடை முதலில் பாருங்கள்.

அந்த ராடின் மூட்டுகளில் சின்னச் சின்ன புஷ்கள் இருக்கும். அவை தேயத் தேய ஒவ்வொரு மூட்டிலும் ஏற்படும் ஆட்டம் சேர்ந்து, லிவரின் தலையில் பெரிதாகத் தெரியும்.

ஒருவர் லிவரை அசைக்க, அடியிலிருந்து இன்னொருவர் பார்த்தால் எந்த மூட்டு நழுவுகிறது என்று தெரிந்துவிடும். வெறும் ஜாக்கியை நம்பி மட்டும் அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டும், சக்கரத்துக்குக் கட்டையும் அவசியம்.

புது புஷ், கொஞ்சம் கிரீஸ். நியூட்ரலில் லிவரை நேராக வைத்து போல்ட்டை இறுக்கினார். கியர்பாக்ஸைத் தொடவே இல்லை.

இப்போது ரிவர்ஸ் ஒரே கையில் விழுகிறது. ஹார்ன்தான் இன்னும் தகராறு!