கோடுகளால் ஆன முகம்

மாணவர்களே, வீட்டில் ஓர் ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கேட்டு வாங்குங்கள். அதிலுள்ள காந்தியடிகளின் முகத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். கன்னத்தில் தெரிந்த நிழல் காணாமற்போகும்! அங்கே இருப்பவை மெல்லிய கோடுகளும் புள்ளிகளுமே. கண்ணாடியை அகற்றினால் நிழல் திரும்பிவிடும். (நோட்டையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.)

இந்த மாயத்திற்குக் காரணம் நம் கண்தான். இரு கோடுகள் கண்ணில் அமைக்கும் கோணம் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கிற்கும் குறைந்தால், சாதாரணமாக நம்மால் அவற்றைப் பிரித்தறிய முடிவதில்லை. 1 மி.மீ. இடைவெளி இந்தக் கோணத்தை அமைப்பது ஏறத்தாழ மூன்றரை மீட்டர் தொலைவில். ஆகவே, கால் மி.மீ. தடிமனுள்ள மைக்கோடுகளை 1 மி.மீ.க்கு ஒன்றாக வரைந்து, தாளைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பின்னோக்கி நடந்து பாருங்கள். மூன்றரை மீட்டரை எட்டும் முன்பே கோடுகள் மறைந்து, தாள் சாம்பல் நிறமாகிவிடும்.

அந்தத் தாளில் வெள்ளை 75 சதவீதம் எஞ்சியுள்ளது. அதன்மேல் அதே அளவுக் கோடுகளைக் குறுக்காக வரைந்தால் எஞ்சுவது 50 அன்று, 56 சதவீதம். கோடுகள் வெட்டும் இடங்கள் முன்பே கறுத்தவை அல்லவா? வேறொரு சாய்வில் மூன்றாம் அடுக்கும் போட்டால் ஏறக்குறைய 42. ஒரே பேனா, ஒரே மை. ஆனால் பல நிழல்கள்!

முகத்தில் எங்கே எத்தனை அடுக்கு? ஜோஹன் ஹைன்ரிக் லாம்பர்ட் 1760-இல் வெளியிட்ட விதி இதற்கு உதவும். பளபளப்பற்ற ஒரு பரப்பின் ஒளிர்வு, படுகோணத்தின் கோசைனைப் பொறுத்தது. விளக்கை நேரே நோக்கும் நெற்றியில் முழு ஒளி. 30 பாகை திரும்பினாலும் 87 சதவீதம் இருக்கும். 60 பாகையில் பாதி. 90 பாகையில் ஒன்றுமில்லை. ஆதலால், வெள்ளைத் தாளைத் தாராளமாக விட்டுவையுங்கள். முகம் வளைந்து திரும்பும் இடத்தில் அடுக்குகளை விரைவாகக் கூட்டுங்கள். எண்ணெய் வழியும் நெற்றி மட்டும் இவ்விதிக்குச் சற்று அடங்காது!

பள்ளி நாட்களில், சன்னலோரம் அமர்ந்திருந்த என் பாட்டியை வரைந்தேன். அவருக்குப் புகைப்படம் ஏதும் கிடையாது. நிழற்பக்கத்தைக் காதுவரை கன்னங்கரேலென்று தீட்டினேன். பாட்டி அரைநிலாவாகிவிட்டார்! கல்லூரியில் ஒளியியல் படித்தபோதுதான் பிழை புரிந்தது. அவருடைய வெள்ளைச் சேலையிலிருந்து சிதறிய ஒளி, தாடையின் அடிப்புறத்தில் விழுந்துகொண்டிருந்தது. மிகக் கரிய பகுதி முகத்தின் விளிம்பன்று. விளிம்பிற்குச் சற்று உள்ளே ஓடும் ஒரு பட்டை. திருத்தி வரையப் பாட்டி அப்போது இல்லை.

கோட்டின் போக்கும் முக்கியம். கன்னத்தின் வளைவோடு கோடும் வளைந்தால் முகம் திரண்டு தெரியும். பிரெஞ்சுச் செதுக்கோவியர் குளோத் மெல்லான் 1649-இல் ஏசுநாதரின் முகத்தைக் குறுக்குக்கோடே இல்லாமல் செதுக்கினார். மூக்கு நுனியில் தொடங்கிச் சுருளாகச் சுற்றிச் செல்லும் ஒரே கோடு! அதன் தடிமனைக் கூட்டியும் குறைத்துமே நிழல் முழுவதையும் காட்டினார்.

நீங்கள் முதலில் ஒரு முட்டையை வரையுங்கள். மேசை விளக்கை ஒரு பக்கம் வைத்து, மறுபக்கம் வெள்ளைத் தாளை நிறுத்துங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டு, முட்டையின் இருண்ட விளிம்பை மீண்டும் ஒருமுறை பாருங்கள்.