முற்றத்துப் பூ களையாகுமா?

யாழ்ப்பாணத்து வேலியோரம் ஒன்றில் இரண்டு செடிகள். செவ்வரத்தை நாள்தோறும் பூத்தாலும் விதை கட்டுவது அரிது. தடி வெட்டி நட்டால்தான் அடுத்த வீட்டுக்குப் போகும். பக்கத்தில் உண்ணிச்செடி. மஞ்சளும் ரோசாவும் கலந்த அதன் பூக்கொத்து உதிர்ந்ததும் பச்சை மணிகள் திரண்டு, பளபளவென்று கறுக்கும். கொண்டைக்குருவி அவற்றை விழுங்கிப் பனங்காணிக்குள் எச்சமிடும். அங்கே ஒரு புதர் முளைக்கும்.

எந்த அழகுச்செடி களையாகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? பெருமளவு முடியும். அவுஸ்திரேலியா 1997 முதல் புதிய செடிகளை 49 கேள்விகளால் எடைபோடுகிறது. பறவை பரப்புமா? கால்நடைக்கு நஞ்சா? வெட்டினால் மறுபடி தளிர்க்குமா? புள்ளி 6ஐத் தாண்டினால் அனுமதி இல்லை.

உண்ணிச்செடிக்கு இம்மூன்றுக்கும் பதில் ‘ஆம்’. ஆனால் எல்லாவற்றிலும் கனமான கேள்வி வேறு: இது பிற நாடுகளில் ஏற்கெனவே களையாகியிருக்கிறதா?

ஊதாப் பூவுக்காக இலங்கைக்கு வந்த ஆகாயத்தாமரையை ஒழிக்க 1909இலேயே தனிச் சட்டம் தேவைப்பட்டது. உண்ணிச்செடியோ அதற்கும் முன்பே, 19ஆம் நூற்றாண்டிலேயே, பேராதனைத் தாவரவியல் பூங்கா வழியாக உள்ளே வந்துவிட்டது.

ஹவாயில் உண்ணிச்செடியை அடக்க 1902இலேயே மெக்சிக்கோவிலிருந்து பூச்சிகளைக் கொண்டுவந்து விட்டார்கள்.