கோயிலுக்குள் எந்த மொழி?

பழைய நாட்காட்டிப்படி 1860 ஏப்ரல் 3, ஈஸ்டர் ஞாயிறு. கான்ஸ்டான்டிநோபிள் நகரில் பல்கேரியர்களின் புனித ஸ்தேவான் ஆலயம் நிரம்பி வழிந்தது. ஆர்த்தடாக்ஸ் முறைப்படி, முதுபெரும் தந்தையின் பெயரைச் சொல்லி மன்றாட வேண்டிய கட்டம் வந்தது. ஆயர் இலாரியோன் மகாரியோபோல்ஸ்கி அந்தப் பெயரை உச்சரிக்கவில்லை. ஒரு பெயரைச் சொல்லாமல் விட்டதே ஒரு மக்களின் விடுதலை அறிவிப்பாக ஆனது.

உஸ்மானிய ஆட்சியில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் அனைவரும், அவர்கள் பேசும் மொழி எதுவானாலும், கான்ஸ்டான்டிநோபிள் முதுபெரும் தந்தையின் கீழ்தான் வைக்கப்பட்டிருந்தார்கள். தனித்து இயங்கிவந்த ஓஹ்ரித் பேராயமும் 1767இல் கலைக்கப்பட்டது. பல்கேரிய ஊர்களுக்குக் கிரேக்க ஆயர்கள் வந்தார்கள். பணம் கட்டிப் பதவி பெற்ற பலர், அந்தச் செலவை ஊர்மக்களிடம் வரியாக வசூலித்தார்கள். அதைவிட ஆழமான காயம் மொழியில் பட்டது. பல நகரங்களில் வழிபாடும் பள்ளிப் படிப்பும் கிரேக்கத்தில் நடந்தன. மக்கள் தங்கள் ஆயரின் மறையுரையைப் புரியாமலே கேட்டு நின்றார்கள். இத்தனைக்கும் நடுவே மொழியைக் காத்தவர்களும் ஆர்த்தடாக்ஸ் துறவிகளும் ஊர்க் குருக்களும்தான். மக்களை எழுப்பிய பல்கேரிய வரலாற்றை 1762இல் எழுதிய பாய்ஸி, அதோஸ் மலைத் துறவி.

அந்த மனக்குறை புகைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் கத்தோலிக்க மிஷனரிகள் நெருங்கி வந்தார்கள். அவர்களில் முன்னின்றவர்கள் பிரெஞ்சு லாசரிஸ்டுகள். அவர்களின் முக்கிய முகம் எழேன் போரே. அவர்கள் முன்வைத்த ஏற்பாடு எளிது: திருத்தந்தையின் தலைமையை ஏற்றால் போதும், கீழைத் திருச்சபையின் சடங்குகளும் ஸ்லாவிய வழிபாட்டு மொழியும் அப்படியே இருக்கும், சொந்த ஆயரும் கிடைப்பார். மாசிடோனியாவின் குகுஷ் ஊர் 1859இலேயே ரோமுக்கு எழுதியது. உடனே முதுபெரும் தந்தையின் தரப்பு அந்தப் பகுதிக்குப் பார்தெனி சோக்ராஃப்ஸ்கி என்ற பல்கேரியரையே ஆயராக்கியது. ஊர் பெரும்பாலும் திரும்பி வந்தது. குகுஷ் மக்கள் கேட்டது என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை என்பேன். இறையியல் சர்ச்சை அவர்கள் மனதில் முதலிடத்தில் இல்லை. தங்கள் மொழி பேசும் மேய்ப்பரைத்தான் அவர்கள் தேடினார்கள்.

1860 டிசம்பரில் தலைநகரிலேயே ஒரு குழு ரோமுடன் ஒன்றிப்புக்குக் கையெழுத்திட்டது. அதை முன்னின்று நடத்தியவர் 'பல்கேரியா' இதழை நடத்திய த்ராகான் த்ஸான்கோவ். குழுவின் தலைவராகத் தெரிவானவர் யோசிஃப் சோகோல்ஸ்கி. காப்ரோவோ அருகே மலையடிவாரத்தில் மடம் நிறுவிய, எழுபதைக் கடந்த துறவி. 1861 ஏப்ரலில் திருத்தந்தை ஒன்பதாம் பியுஸ் தம் கையாலேயே அவரைப் பேராயராகத் திருநிலைப்படுத்தினார். உஸ்மானிய அரசும் அங்கீகரித்தது.

அதே ஆண்டு ஜூனில் அவர் காணாமல் போனார்.

ரஷ்யக் கப்பல் ஒன்று அவரை ஒடெஸாவுக்குக் கொண்டுசென்றது. கடத்தப்பட்டாரா, மனம் மாறிப் போனாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். 1879இல் இறக்கும்வரை அவர் தாயகம் திரும்பவில்லை. பெரும்பாலும் கீவ் மடத்திலேயே காலம் கழிந்தது. கிரீமியப் போருக்குப் பிறகு பல்கேரியர்களைத் தன் பக்கம் ஈர்க்க பிரான்ஸ் முயன்றது. ஆர்த்தடாக்ஸ் மக்கள் ரோமுக்குப் போவதை ரஷ்யா பொறுக்கவில்லை. இரண்டு வல்லரசுகளுக்கு நடுவில் அகப்பட்ட அந்த முதியவரை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அவருக்குப் பட்டம் சூட்டியவர்களில் எவரும் அவரைக் காக்கவில்லை.

தலைவரை இழந்த இயக்கம் சுருங்கியது. ஆனால் மிஷனரிகள் கிளம்பிவிடவில்லை. அவர்களின் நிலைத்த பணி அதற்குப் பிறகுதான் தொடங்கியது. எம்மானுவேல் தால்சோன் நிறுவிய அசம்ப்ஷனிஸ்ட் சபையின் விக்தோரென் கலபேர் 1862இன் இறுதியில் வந்தார். அந்தச் சபை பிளோவ்டிவில் பள்ளி தொடங்கியது; 1884இல் அங்கேயே புனித அகஸ்டின் கல்லூரி எழுந்தது. எத்ரினேயில் போலந்து நாட்டு ரெசரெக்‌ஷனிஸ்ட் துறவிகள் பள்ளி நடத்தினார்கள். ஆயர்களை உருவாக்க அவசரப்பட்டதைவிட, பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்ததில்தான் மிஷனரிகள் அந்த மண்ணுக்கு உண்மையான நன்மை செய்தார்கள்.

ஒன்றிப்பு இயக்கத்தின் இன்னொரு விளைவு அரசியலில் தெரிந்தது. ரோம் பக்கம் போய்விடுவார்கள் என்ற அச்சம் ஆர்த்தடாக்ஸ் பல்கேரியர்களின் கோரிக்கைக்குப் பலம் சேர்த்தது. 1870இல் சுல்தானின் ஆணை பல்கேரிய எக்ஸார்க்கேட்டை, அதாவது தனித் திருச்சபையை, உருவாக்கியது. ஆணையின் பத்தாவது பிரிவு, எக்ஸார்க்கேட்டின் எல்லைக்கு வெளியே இருக்கும் பகுதிகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆர்த்தடாக்ஸ் மக்கள் விரும்பினால் அதில் சேரலாம் என்றது. இதனால் மாசிடோனியாவில் ஊருக்கு ஊர் பிளவு மூண்டது. 1872இல் கான்ஸ்டான்டிநோபிள் சங்கம், திருச்சபைக்குள் இன அடிப்படையைக் கொண்டுவருவது பிழையான போதனை என்று கண்டித்து, பல்கேரியர்களைப் பிரிவினையாளர்கள் என்று அறிவித்தது. அந்தத் தீர்ப்பு 1945இல்தான் நீங்கியது.

குகுஷ் 1874இல் மறுபடி ரோமுடன் ஒன்றியது. இம்முறை முன்னின்றவர் எக்ஸார்க்கேட்டின் ஆயராக இருந்த நீல் இஸ்வோரோவ். 1895இல் அவர் மீண்டும் ஆர்த்தடாக்ஸ் பக்கம் போனார். அவரைப் பின்பற்றிய குடும்பங்களில் சில அவரோடு திரும்பாமல் கத்தோலிக்கராகவே நின்றன.